எருமைக்கு வைத்த முகம்

கமென்ப்ரோத்,
12 மே 2003

லூபெனுக்கு,

'அன்புள்ள' என்று போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உனக்குப் பிடித்ததை நீயே போட்டுக்கொள். தொலைபேசியில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். விவாகரத்தாகிப் பதினோரு வருஷம் கழித்தும் என் குரலுக்குப் பயப்படுகிறாய் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். அதனால்தான் கடிதம்.

புனித ஜார்ஜ் திருநாளன்று ஊரே ஆட்டுக்கறி தின்றுவிட்டுச் சதுக்கத்தில் கூடியிருந்தது. நகராட்சித் தலைவர் நீ செய்த சிலை மேலிருந்த துணியை இழுத்தார். நான் மருந்துக்கடைக்குள் நின்று யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் கடை வாசலுக்கு நேர் எதிரே, வெண்கலத்தில் ஓர் எருமை. லாரி அளவு உடம்பு. தண்ணீர் குடிக்கக் குனிந்த மாதிரித் தலை தாழ்ந்திருக்கிறது. எருமை வைத்ததில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. எருமைத் தயிரால் பிழைக்கிற ஊர், வைக்கட்டும். ஆனால் அந்த எருமை என் கண்ணால் என்னைப் பார்த்தது, லூபென்.

இடது இமை பாதி இறங்கியிருக்கிறது. எதிரில் இருப்பவர் பொய் சொன்னால் நான் கீழுதட்டைத் துருத்துவேனே, அந்த உதடு அப்படியே இருக்கிறது. மாத்திரை எண்ணும்போது கழுத்தைச் சாய்ப்பேனே, அந்தச் சாய்வும் இருக்கிறது. தற்செயல் என்று நீ சாதிப்பாய் என்று தெரியும். அதனால் முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். இடது காது மடல் கிழிந்திருக்கிறது. பில்யானா கைக்குழந்தையாக இருந்தபோது என் தோட்டைப் பிடித்து இழுத்து அறுத்தாளே, அதே இடம், அதே கிழிசல். எருமைக்குத் தோடு மாட்டி அறுத்த குழந்தை எது என்று சொல் பார்க்கலாம்.

என் மானம் கப்பலேறி தன்யூப் ஆற்றோடு போய்விட்டது. பக்கத்து முடிதிருத்தும் கடை பென்கா முதல் நாளே வந்தாள். "இஸ்க்ரா, உன் அக்கா வெளியில வெயில்ல நிக்கிறா. உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி குடேன்!" மீன்காரன் தலைவலி மாத்திரை வாங்க வந்து, "அக்கா, இன்னிக்குக் கறந்தாச்சா?" என்கிறான். அவன் கேட்ட மாத்திரைக்குப் பதில் பேதி மாத்திரை கொடுக்க எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

இதையும் பொறுத்திருப்பேன். பில்யானாவுக்கு செப்டம்பர் ஏழாம் தேதி கல்யாணம், சதுக்கத்திலேயே, நகராட்சி மண்டபத்தில். பையன் யாவோர், தங்கமான பையன். அவன் அம்மா ஸ்லாட்கா ஆற்றோரத்துக் கிராமத்துக்காரி, சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டாள். மண்டபத்திலிருந்து வெளியே வருகிற மணப்பெண்கள் உன் எருமையின் மூக்கைத் தடவினால் பிள்ளைப்பேறு என்று ஊரில் அதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. மூக்கு இப்போதே பளபளக்கிறது. என் பெண் சம்பந்தி வீட்டார் முன்னால், மேளதாளத்தோடு, ஊர் சிரிக்க, என் மூக்கைத் தடவ வேண்டுமா?

அதற்குள் தலையை மாற்று. அறுத்து எடுத்துவிட்டு வேறு எருமையின் தலையை வை. மாட்டேன் என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இஸ்க்ரா

*

சோஃபியா,
24 மே 2003

இஸ்க்ரா,

காலியிடத்தில் 'பேரன்புள்ள' என்று போட்டுக்கொண்டேன். நன்றி.

அது எருமை. அதற்குக் கொம்பு இருக்கிறது, வால் இருக்கிறது, நான்கு குளம்பு இருக்கிறது. இவற்றில் உனக்கு எது இருக்கிறது? நான் பார்த்தவரை ஒன்றும் இல்லை. ஒரு பெண்பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து எருமையைப் பார்த்து, 'ஐயோ நான்!' என்று அலறினால் சிற்பி என்ன செய்வான்? ஒரு யோசனை சொல்கிறேன். கொஞ்ச நாள் உதட்டைத் துருத்தாமல் இரு.

தலையை மாற்றுவதாவது! வெண்கலம் என்ன புளித்த மாவா, பிடிக்கவில்லை என்றால் திரும்பப் பிசைவதற்கு? ஒரு குளிர்காலம் முழுக்கக் களிமண்ணில் கை விறைக்க நின்று செய்த தலை அது. பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள், 'இந்தப் பிராணியின் பார்வையில் ஒரு வாழ்நாள் குறை தெரிகிறது' என்று. பக்கத்து ஊர் வெந்நீர் ஊற்றுச் சதுக்கத்துக்குக் கரடி செய்ய என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். பெரிய கரடி.

ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். என் பெயருக்குரிய புனிதரின் திருநாளன்று, என் மேசையில், என் ரக்கியாச் சாராயத்தைக் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாய்: "இவர் செஞ்ச கோழியைக் கொட்டகையில கொண்டுபோய் வச்சேன். நிஜக் கோழிங்க பயந்துபோய் முட்டை போடறதையே நிறுத்திடுச்சு!" உன் தம்பி சிரித்துச் சிரித்து நாற்காலியோடு விழுந்தான். மறுவாரம் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது ஊர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று எழுதியிருந்தாய்?

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எருமை மேல் மழை பெய்தால் அது உட்கார்ந்து கடிதமா எழுதுகிறது? பழகிக்கொள்.

லூபென்

*

கமென்ப்ரோத்,
21 ஜூன் 2003

லூபென்,

வியாழக்கிழமையிலிருந்து நீ செத்துப்போய்விட்டாய். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஊர் வழக்கப்படியே சாவு அறிவிப்பு அச்சடித்தேன். கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, நடுவில் உன் படம். என் தம்பி கல்யாணத்தில் குடித்துவிட்டுக் கண் சொருக நிற்பாயே, அந்தப் படம். கீழே: 'சிற்பி லூபென் மினெவ் குறுகிய நோய்க்குப் பின் நம்மைப் பிரிந்தார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். துயருறும் குடும்பத்தார்.' என் கடைக் கதவில் ஒட்டினேன், சதுக்கத்து மரங்களில் ஒட்டினேன், பஸ் நிறுத்தத்தில் ஒட்டினேன், படகுத்துறையில் ஒட்டினேன். கடைசியாக முக்காலி போட்டு எருமையின் நெற்றியில் ஒட்டினேன். நல்ல பசை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. செத்தவன் பெண்டாட்டியாக இருந்தவள் ஒட்டுகிறாள், அவ்வளவுதான்.

நான் பொய்கூடச் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம், "எனக்கு அவர் போய் ரொம்ப நாளாச்சு" என்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள்.

எருமையின் குளம்படியில் பூ குவிகிறது. உயிரோடிருப்பவனுக்கு ஒற்றைப்படை, செத்தவனுக்கு இரட்டைப்படை. ஒருவர்கூடத் தப்பாக எண்ணவில்லை. பென்கா, செத்தவர்களுக்குப் படைக்கிற மாதிரி, கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "நல்லா எருமை செஞ்சான், பாவம். நல்ல மனுஷனா இருக்கத்தான் நேரம் கிடைக்கல" என்றாள். உனக்கு யாரும் இதைவிட நல்ல இரங்கல் சொல்லப்போவதில்லை.

முக்கியமான விஷயம், எருமையைப் பார்த்து இப்போது யாரும் சிரிப்பதில்லை. சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போகிறார்கள். மீன்காரன் தொப்பியைக் கழற்றுகிறான்.

பில்யானாவுக்குத் தெரியாது. அவள் வர்னாவில் வேலைப் பயிற்சியில் இருக்கிறாள், அடுத்த மாதம்தான் வருவாள். அதற்குள் கிழித்துவிடுவேன். அமைதியாகத் தூங்கு.

இஸ்க்ரா

*

சோஃபியா,
3 ஜூலை 2003

பேயே!

கரடி போச்சு. கேட்கிறதா? என் கரடி போச்சு! வெந்நீர் ஊற்றுக்காரர்கள் உன் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் அனுசரித்துவிட்டு, அதே கூட்டத்தில் கரடியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு நாய்க்குட்டிகூட நிற்க வைக்கத் தெரியாது. நான் தொலைபேசியில் கத்தினேன். "லூபென் பேசறேன்யா, உயிரோட இருக்கேன்!" என்றேன். அந்தப் பெண், "துக்க வீட்டை வச்சு விளையாடாதீங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

என் சித்தி மகள் மாலையோடு வந்து கதவைத் தட்டினாள். நான் திறந்ததும் மயங்கி விழுந்தாள். தெளிந்து எழுந்தவளுக்கு நான் உயிரோடிருப்பதில் சந்தோஷம் இல்லை, ரயிலில் அழுதுகொண்டே வந்தது வீணாய்ப் போச்சே என்றுதான் கோபம்.

ஒரு முகத்துக்காகவா இவ்வளவும்? முகம் என்ன, உன்னுடையது மட்டும்தானா? பத்தொன்பது வருஷம் தினமும் காலையில் அதை நான்தானே பார்த்தேன்? எனக்கும் அதில் பங்கு உண்டு.

சுவரொட்டி எல்லாவற்றையும் கிழி. இல்லையென்றால் வக்கீல் வருவார். செத்தவனின் வக்கீல்.

லூபென் (உயிரோடு)

*

கமென்ப்ரோத்,
16 ஜூலை 2003

லூபென்,

எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன், எருமை நெற்றியில் இருப்பதைத் தவிர. அதை ஏன் விட்டிருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை எழுத என் கை எவ்வளவு கூசுகிறது என்று நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய். சுருக்கமாக முடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் விளக்கமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

யாவோரின் அம்மா ஸ்லாட்கா சந்தைக்குக் கத்திரிக்காய் விற்க வந்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் உன் படத்தைப் பார்த்திருக்கிறாள். கத்திரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டுவிட்டாள். பெண்ணுக்கு அப்பா செத்தால் வருஷம் திரும்பும்வரை கல்யாணம் இல்லை. விருந்துக்குச் சொன்ன ஆட்டுக்காரனுக்கும் மேளக்காரர்களுக்கும் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டாள். எனக்கு இது தோன்றவே இல்லை, லூபென். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, சாவு ஒட்டினால் துக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றவில்லை. உன்னைச் சாகடிக்கும் அவசரம்.

நேரில் போய் உண்மையைச் சொன்னேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "சம்பந்தி, உசுரோட இருக்கிற மனுஷனுக்கா ஒட்டினே? அது செத்ததைவிட மோசமாச்சே! என் பையன் அந்தச் சாவுக்கடியில போய் மாலை மாத்தணுமா?" நான் கெஞ்சினேன். ஆமாம், நான்தான். கடைசியில் இறங்கி வந்தாள். அவள் சொல்லும் பரிகாரம் இது: நீ பட்டப்பகலில் வந்து, ஒட்டியதை உன் கையாலேயே கிழித்து, ஊர் பார்க்க அவள் கையால் ரொட்டியும் உப்பும் வாங்கித் தின்ன வேண்டும். செத்தவன் தின்ன மாட்டான் அல்லவா. அதற்குப் பிறகு ஏழாம் தேதிக் கல்யாணத்துக்குத் தடை இல்லை.

பில்யானா வர்னாவிலிருந்து வந்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாள்.

வா. எனக்காக இல்லை. வந்துவிட்டுப் போ.

இஸ்க்ரா

*

சோஃபியா,
23 ஜூலை 2003

என் துயருறும் குடும்பத்தாருக்கு,

செத்தவன் எப்படி வருவான், இஸ்க்ரா? பஸ்ஸில் பிணத்துக்கு டிக்கெட் கொடுப்பதில்லையே!

உன் கடிதத்தை ரக்கியாவோடு இரண்டு தடவை படித்தேன். 'நான் கெஞ்சினேன்' என்கிற இடத்தில் மட்டும் இன்னொரு தடவை. கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

வருகிறேன். என் பெண் கல்யாணத்துக்கு நான் வராமலா? ஆனால் இலவசமாக உயிர்த்தெழ முடியாது. நான் ரொட்டி தின்றதும், நீ அதே இடத்தில், எருமை பக்கத்தில் நின்று, கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி இதைச் சொல்ல வேண்டும்: 'இந்த எருமை அழகு. இதைச் செய்தவன் பெரிய கலைஞன். அந்தக் கோழியும் நல்ல கோழிதான்.' பிறகு எருமை மூக்கைத் தடவ வேண்டும். நீ சொல்லாவிட்டால் நான் செத்தவனாகவே இருந்துகொள்கிறேன். எனக்கென்ன, கரடியும் போய்விட்டது, இங்கே நிம்மதியாக இருக்கிறது.

இன்னொன்று. ஆமாம், அது நீதான். காது, இமை, உதடு, கழுத்து, எல்லாம் நீதான். ஞாபகத்திலிருந்தே செய்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. களிமண்ணில் உன் கீழுதட்டை வைத்த அன்று, பல வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

லூபென்

*

கமென்ப்ரோத்,
1 ஆகஸ்ட் 2003

லூபென்,

சொல்கிறேன். நீ எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் சொல்கிறேன். பதினாறாம் தேதி, சனிக்கிழமை, சந்தை கூடுகிற நாள். காலைப் பஸ்ஸில் வா. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா, எல்லோரும் பார்ப்பார்கள்.

இஸ்க்ரா

*

சோஃபியா,
19 ஆகஸ்ட் 2003

இஸ்க்ரா,

நீ சொன்ன வாக்கைக் காப்பாற்றினாய். அதுதான் உன் மேல் எனக்குள்ள கோபம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இரண்டு பெண்கள் அலறினார்கள். மீன்காரன் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தான். "சூடா இருக்கான்டோய்!" என்றான். பில்யானா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்படிக் கட்டிக்கொண்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. முக்காலியில் ஏறி உன் நெற்றியிலிருந்து, சரி, எருமை நெற்றியிலிருந்து, என் சாவை நானே கிழித்தேன். ஸ்லாட்கா நீட்டிய ரொட்டியை உப்பில் தொட்டுத் தின்றேன். கை தட்டினார்கள். அவள் கறுப்பு முக்காட்டைக் கழற்றினாள்.

அப்புறம் நீ முன்னால் வந்தாய். எருமை அழகு என்றாய். பெரிய கலைஞன் என்றாய். கோழியும் நல்ல கோழி என்றாய். மூக்கைத் தடவினாய். அங்கே நிறுத்தியிருக்கலாம், பாவி! நீ திரும்பி நின்று சொன்னாய்: "இது என் முகம்தான். இவரே எழுதிட்டார், ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. நல்லாப் பாத்துக்குங்க, இது நான்தான். இதையெல்லாம் நான் சொன்னாத்தான் மக கல்யாணத்துக்கு உசுரோட வருவேன்னும், இல்லேன்னா அவ கல்யாணம் நின்னாலும் பரவாயில்லைன்னும் எழுதினார்."

பரவாயில்லை என்று நான் எழுதவில்லை. ஆனால் அதுதான் அர்த்தம் என்று நீ சொன்னபிறகு எனக்கே அப்படித்தான் கேட்டது.

என் தோளிலிருந்து பில்யானாவின் கை இறங்கியது. "நிஜமாப்பா? அம்மா சொல்லலேன்னா நீ வந்திருக்க மாட்டியா?" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் பக்கம் திரும்பினாள். "இதை இன்னிக்கு, இங்க வச்சா சொல்லணும் அம்மா? அப்பாவோட எனக்கு இருந்தது இந்த ஒரு நாள்தான்." நீ உதட்டைத் துருத்திக்கொண்டு நின்றாய். யாவோர் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். ஊர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

நீ ஜெயித்தாய், சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபமில்லாமல் பதில் சொல். எனக்குக் கல்யாண அழைப்பு இன்னும் வரவில்லை. உனக்கு வந்ததா?

லூபென்

*

கமென்ப்ரோத்,
9 செப்டம்பர் 2003

லூபென்,

எனக்கும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமையே பில்யானா யாவோர் வீட்டுக்குப் போய்விட்டாள். துணிமணிகளை எடுக்க ஸ்லாட்காதான் வந்தாள். "ஆறிடும் சம்பந்தி, சின்னப் பொண்ணுதானே" என்றாள். ஆறவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பென்காவிடம் தலை சீவிக்கொண்டு, நீலப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, விடுமுறை நாளில் கடையைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட அவர்கள் மண்டபத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். சதுக்கத்தைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் என் கதவு. வருவாள் என்று நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நம்பினேன்.

வெளியே வந்தார்கள். மேளம், கிளாரினெட், எல்லாம். பில்யானா அவ்வளவு அழகாக இருந்தாள். ஸ்லாட்கா கையில் கூடை. மணப்பெண் புகுந்த வீட்டுக்குப் போகுமுன் தன் கையால் தைத்த துண்டை அம்மாவின் தோளில் போட்டு விடைபெறுவாளே, அந்தக் கூடை. பில்யானா அதிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். சிவப்புப் பூ வேலை, ஓரத்தில் என் பெயர், கண்ணாடி வழியாகவே படிக்க முடிந்தது. என் கதவை நோக்கி நேராக நடந்து வந்தாள். நான் எழுந்துவிட்டேன். தோளைக்கூடச் சரி செய்துகொண்டேன்.

எருமையிடம் நின்றுவிட்டாள். யாவோர் அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். அந்தத் துண்டை எருமையின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, மடிப்பை நீவிவிட்டாள். பிறகு அதன் முகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் கேட்க, "அம்மா, நான் போயிட்டு வரேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பென்கா மட்டும் என் கடைப் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கதவைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சதுக்கத்தில் இரண்டு அம்மா நின்றிருப்போம், அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அதையே தேர்ந்தெடுத்திருப்பாள். இது நான்தான் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவளும் நான்தானே.

துண்டு இன்னும் அங்கேயே கிடக்கிறது. நேற்று மழையில் நனைந்து சாயம் இறங்கிவிட்டது. எடுத்துக் காயவைக்கக் கை துடிக்கிறது. ஆனால் எனக்குக் கொடுக்காததை நான் எப்படி எடுப்பது?

தலையை மாற்று என்று மே மாதம் எழுதியிருந்தேன். இனி அதில் கை வைத்தால் உன் கையை முறிப்பேன். என் பெண் 'அம்மா' என்று கூப்பிட இந்த ஊரில் அந்த ஒரு முகம்தான் மிச்சம்.

கூடையில் இன்னொரு துண்டு, உன் பெயர் போட்டு இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். இல்லை, லூபென். நன்றாகப் பார்த்துவிட்டேன். இதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

இஸ்க்ரா